பத்தாயிரத்தில் ஒன்று

பாயான் லெப்பாஸில் எனக்கு வேலை
நுண்ணோக்கியின் கீழே குறை தேடுவது.
நகக்கண்ணைவிடச் சிறிய சில்லுகள்
தட்டுத் தட்டாய் வரும்.
பத்தாயிரத்தில் ஒன்றுதான் பழுதென்றால்
நல்ல நாள் என்று சூப்பர்வைசர் சிரிப்பார்.
நானும் சிரிப்பேன்.
ஆனால் அந்த ஒன்றை
இடுக்கியால் எடுத்துச் சிவப்புக் கிண்ணத்தில் போடுவது
என் கை.

அதனால்தான் டாக்டர் தே
'கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது' என்றபோது
எனக்கு நிம்மதி வரவில்லை.
அரிதை நான் பார்த்திருக்கிறேன்.
அதற்கு ஓர் ஓரம் உடைந்திருக்கும்.

எங்கள் பிளாட் வாசலில் மூன்று வாரமாய்ப் பதாகை:
மஞ்சள் துணியில் ஆள் உயரக் கொசு.
வெள்ளிதோறும் அடிக்கும் புகை
ஏழாம் மாடிவரை ஏறிவந்து
என் துணிக்கொடியில் கொஞ்சம் தங்கிப் போகிறது.
ஐந்தாம் மாடி ரொஹாயா
ஆறு நாள் பெரியாஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார்.
லிஃப்டில் சுவரைப் பிடித்தபடி
'பிளேட்லெட் பதினெட்டாயிரம்' என்றார் மலாயில்,
வாடகை எவ்வளவென்று சொல்வதுபோல.

ஒரு தட்டில் இது.

மறுதட்டில்
இரண்டு ஊசிக்கும் சேர்த்து என் வாடகையில் பாதி,
காப்புறுதி இதைத் தொடாது.
ஊசிக்காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் சம்பளம் போகும்.
துபாயிலிருந்து தம்பி அனுப்பிய வீடியோ,
வெள்ளைக்கோட்டு போட்ட யாரோ கண்ணை உருட்டுகிறார்.
பாதியில் நிறுத்திவிட்டேன்.
பார்த்த பாதி உள்ளேதான் இருக்கிறது.
'நிலவேம்பு இருக்கையில் ஊசி எதுக்குடி'
என்று அம்மா பொட்டலம் கட்டி அனுப்பினாள்.
சுங்கத்தில் அதன்மேலும் மூன்று நாள் சந்தேகம்.

'முன்பு டெங்கு வந்ததுண்டா?' என்றார் டாக்டர்.
'வந்தவர்களுக்கு ஒரு கணக்கு, வராதவர்களுக்கு ஒரு கணக்கு.
முழுசாய்த் தெரியாததும் இதில் உண்டு.'
மறைக்காமல் சொன்னது பிடித்தது.
வயிற்றைக் கலக்கியதும் அதுதான்.

ஆறாம் வகுப்பில், திண்டுக்கல்லில்,
பதினோரு நாள் படுத்துக் கிடந்தேன்.
அந்த வருஷம் பேப்பரில் அதன் பெயர்
மர்மக் காய்ச்சல்.
அதை இங்கே எந்த மொழியில் சொல்ல?
'தெரியாது' என்றேன்.
அவர் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
என் உடம்பைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதில்
நேர்மையான குறிப்பு அதுவே.

பிறகு படிவம்.
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்,
உள்ளூர் எண் மட்டும்.
பேனா அங்கேயே நின்றது.
கொசுவிலிருந்து வரட்டும், ஊசியிலிருந்து வரட்டும்,
காய்ச்சல் வந்த ராத்திரி
ஏழாம் மாடிக் கதவை யார் தட்டுவார்?
துண்டுப் பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பக்க விளைவுகளில் அது இல்லை.

ஊசி போடாமலே திரும்பினேன்.
இரண்டு மாடி முன்னதாகவே இறங்கி
ரொஹாயாவின் எண்ணைக் கேட்டேன்.
எதற்கென்று கேட்கவில்லை அவர்.
'உறவு என்ற இடத்தில் என்ன எழுத?'
'காகாக்' என்றார்.
மலாயில் அக்கா.
என் காதில் முதலில் 'காக்க' என்றுதான் விழுந்தது.

சனிக்கிழமை. இடது கை.
சின்ன வயசு அம்மைத் தடுப்பின் தழும்பு,
இல்லை, காசநோய்க்குப் போட்டதோ,
அதுவும் எனக்குச் சரியாய்த் தெரியாது,
அதற்கு ரெண்டு விரல் கீழே.
'பசியாறிட்டீங்களா?' என்று கேட்டுக்கொண்டே
நர்ஸ் தனலெட்சுமி குத்திவிட்டார்.
'கை கொஞ்சம் கடுக்கும்லா. பதினஞ்சு நிமிஷம் உக்காருங்க.'

பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் நாலு பேர்.
பத்தாயிரம் பேர் அந்த அறையில் கொள்ளாது.
வேலைப் பழக்கத்தில் என் கையையே பார்த்திருந்தேன்,
எங்காவது ஓரம் உடைகிறதா என்று.

பத்தாவது நிமிஷத்தில்
பசித்தது.