திரைக்குப் பின்னால் பதினொன்று

பகலில் ஹல்ஷ்கா, கிதீனியா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரக் கிரேன் கூண்டில் இருப்பாள்.
கீழே கப்பல். வாரி இறைத்த மாதிரிப் பெட்டிகள்.
எந்தப் பெட்டிக்குள் என்ன, அவளுக்குத் தெரியாது.
எங்கே இறக்குவது, அது தெரியும்.

வெள்ளி இரவில் எல்லாம் தலைகீழ்.
போகுமில் வீட்டு நிலவறை. கொதிகலன் உறுமும் சுவரோரம்
நான்கு பேர், ஒரு மேசை, கண்ணாடித் தம்ளர்களில் தேநீர்.
எந்தப் பெட்டிக்குள் எந்தப் பூதம், அவளுக்குத் தெரியும்.
இவர்கள் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள் என்பது
ஆண்டவனுக்கே வெளிச்சம்.

தமிழில் அவளை நடத்துநர் என்று எழுதினால்
பேருந்தில் சீட்டுக் கிழிப்பவர் நினைவுக்கு வருவார்.
வரட்டும்.
விசில் அவளிடம்தான்;
வண்டியைத் திருப்புகிறவர்கள் நால்வர்,
ஆளுக்கொரு பக்கம்.

முதல் வருடங்களில் அவள் நீதிபதி.
அட்டைத் திரைக்குப் பின்னால் வரைபடம், கட்டம் கட்டமாய்.
படியைத் தட்டிப் பார்க்காமல் மிதித்தால் விழுவாய்,
விழுந்தால் செத்தாய், மேல்முறையீடு கிடையாது.
தோபியாஷ் ஒரே மாதத்தில் மூன்று வீரர்களைப் புதைத்தான்.
நான்காவதற்குப் பெயர் வைக்கச் சோம்பல்பட்டு
"இன்னொருவன்" என்று தாளில் எழுதினான்.
அந்த இன்னொருவன்தான் கடைசிவரை பிழைத்தான்.

பிறகு அவளுக்குக் கதைமேல் ஆசை வந்தது.
அறுபது பக்கம் எழுதினாள்:
வம்சங்கள், துரோகம், எரியும் நூலகம்.
இடப்பக்கம் திரும்பினாலும் அரண்மனை,
வலப்பக்கம் திரும்பினாலும் அதே அரண்மனை.
கொர்னேலியா வாசலில் நின்று கேட்டாள்:
"உள்ளே போகாமல் இங்கேயே சூப்புக் கடை போடலாமா?"
அறுபது பக்கத்தில் சூப்பு என்ற சொல்லே இல்லை.
மூன்று வாரம் கடை நடந்தது. நல்ல லாபம்.
வம்சங்கள் கிண்ணம் ஏந்தி வரிசையில் நின்றன.

இதற்கிடையில்தான் அந்தப் பாலம்.
கயிற்றுப் பாலம். தம்பி அக்கரை சேரட்டும் என்று
வித்தின் வீரன் மட்டும் பின்தங்கினான்.
திரைக்குள் பகடையை உருட்டினாள் ஹல்ஷ்கா.
இருபது.
வித்துக்கு அந்த வாரம்தான் வேலை போயிருந்தது.
"பதினொன்று" என்றாள். "ஈட்டி குறி தப்பிவிட்டது."
மேசையைத் தட்டிக் கத்தினார்கள் எல்லோரும்.
வித் கத்தவில்லை.
பகடையைப் பார்த்த பிறகு அவள் தன் முகத்தைப் பார்த்ததை
அவன் பார்த்திருந்தான்.
எண் வாசிப்பவருக்கு என் முகம் எதற்கு?

இரண்டு குளிர்காலம் கழித்துக் கொர்னேலியா
மெல்லிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.
இதில் நடத்துநர் கிடையாதாம்.
ஒருவர் கேட்பாராம், யார் வாய் திறந்தாலும் அது நடந்ததாம்.
திரையை மடித்துக் கொதிகலன்மேல் வைத்தார்கள்.
ஹல்ஷ்காவுக்குக் கைகள் இரண்டும் உபரியாகிவிட்டன.
இஞ்சி பிஸ்கட்டை உடைத்தாள், துண்டுகளை வரிசைப்படுத்தினாள்,
யாரும் கேட்காத விதி ஒன்றை விளக்கினாள்.

"கதவை யாரோ தட்டுகிறார்கள்" என்றான் தோபியாஷ். "யார்?"
பழக்கதோஷம், எல்லாத் தலைகளும் அவள் பக்கம்.
அவள் வாயில் பிஸ்கட்.

"என் தம்பி" என்றான் வித்.
"பாலத்தடியில் கிடக்கும் என் உடலைக் கேட்டு வந்திருக்கிறான்."
"நீ விழவில்லையே" என்றான் போகுமில்.
"விழுந்தேன். அன்றைக்கே.
சேதி வந்துசேர இத்தனை நாளாயிற்று."

கொதிகலன் நின்றுவிட்டது, அல்லது அப்படி இருந்தது.
ஹல்ஷ்கா மென்று விழுங்கினாள்.
விடை தெரியாத கேள்வி ஒன்றை
அந்த மேசையில் முதன்முதலாகக் கேட்டாள்:
"தம்பி கையில் என்ன இருக்கிறது?"
வித் அவசரப்படவில்லை.
"கிண்ணம். காலி."
கொர்னேலியா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்,
கற்பனை அடுப்பு இருந்த மூலைக்குப் போனாள்.

மறுநாள் காலை. கடலிலிருந்து காற்று.
கூண்டு மெல்ல ஆடியது.
கீழே மூன்று கப்பல் காத்திருக்க,
வானொலியில் மேற்பார்வையாளர் கெஞ்சலாகக் கேட்டார்:
"மேலே எவ்வளவு காட்டுகிறது?
பதினெட்டு என்றால் ஓட்டலாம்."

ஹல்ஷ்கா முள்ளைப் பார்த்தாள்.
வேறெதையும் பார்க்காமல்
"இருபது" என்றாள்.