ஆலங்கட்டிக்கு மறுநாள்

கோர்தோபா நகரத்தில் பதினெட்டு நிமிடம் பெய்தது.
கோழிமுட்டை அளவு என்றது வானொலி.
கோழியைப் பார்த்ததில்லை போலும்;
நான் பொறுக்கியவை கைமுஷ்டி அளவு.

விடிந்தபோது என் பட்டறை வாசலில் தொடங்கிய வரிசை
தெருமுனை ரொட்டிக்கடையைத் தாண்டி வளைந்திருந்தது.
எல்லாம் முகம் உடைந்த கார்கள்.
கையில் மாத்தே கிண்ணத்தோடு
ஒருவருக்கொருவர் சேதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்,
ஏறக்குறைய பெருமையாக.

என் பெயர் மிர்த்தா. கார்க் கண்ணாடி பழுதுபார்ப்பவள்.
முழுசாய் நொறுங்கியதை மாற்றிவிடுவேன்.
நட்சத்திரமாய் வெடித்ததைக் காப்பாற்றப் பார்ப்பேன்.
வெடிப்பின் வாயில் குழாயைப் பொருத்தி
உள்ளிருக்கும் காற்றை முதலில் உறிஞ்ச வேண்டும்.
பிறகுதான் பிசின்.
காற்று தங்கிய இடத்தில் எதுவும் ஒட்டாது.

முதல் வண்டி நிக்கானோரின் வாடகைக் கார்;
இன்று ஓடாவிட்டால் இன்று சாப்பாடில்லை.
நடுவில் நுழைந்த ஆம்புலன்ஸை
ஒருவரும் திட்டவில்லை. இந்த ஊரில் அதுவே அற்புதம்.

சுவரில் யூத மன்றம் தரும் இலவச நாட்காட்டி.
இந்த மாதத்துப் பக்கத்தில்
பல் மருத்துவர் விளம்பரத்துக்கு மேலே
பொடி எழுத்தில் ஒரு பழங்கதை:
ஆதியில் ஒளியைக் கலங்களில் வார்த்தாராம் கடவுள்.
தாங்கவில்லை. உடைந்தன.
திக்கெட்டும் தெறித்த பொறிகள்
ஓட்டுச் சில்லுகளுக்கு அடியில் கிடக்கின்றன இன்னும்.
ஒவ்வொன்றாய்த் தேடி எடுத்து உயர்த்துவதே
மனிதர் வேலை; அதன் பெயர் திக்குன்.

படித்ததும் எனக்கு வந்தது தொழில்காரியின் சந்தேகம்:
ஊற்றுமுன் கலத்தின் கனத்தைப் பார்த்திருக்க வேண்டாமா?
அப்புறம், உத்தரவாதச் சீட்டு எங்கே?

பத்தொன்பதாவது சாம்பல் நிற ரெனோ.
எண் தகட்டைப் பார்க்காமலே தெரிந்தது.
இசிதோரோ. என் தம்பி.
அப்பாவின் கல்லறைக் கல்லில் ஓர் எபிரேய எழுத்து பிழை.
எழுதிக் கொடுத்தது நீ என்றான்; சரிபார்த்தது நீ என்றேன்.
ஏழு வருடம்.
எழுத்து அப்படியே நிற்கிறது. திருத்துவதானால்
இருவரில் ஒருவர் மற்றவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஊரில் வேறு கண்ணாடிக்கடை இல்லையா என்ன?
கேட்கவில்லை.
அவனும் இறங்கவில்லை.

வெடிப்பு ஓட்டுநர் பக்கம், கண் மட்டத்தில்.
அதற்குப் பின்னால் அவன் முகம் ஆறு துண்டு.
குனிந்து குழாயைப் பொருத்தினேன்.
இருவருக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர்.
காற்று வெளியேறும்போது மெல்லச் சீறும்;
கேட்டிருப்பான்.

புறஊதா விளக்கின் தாங்குகால் நேற்றைய அமளியில் ஒடிந்துபோயிருந்தது.
காலையிலிருந்து கையிலேயே பிடித்துத் தோள் இற்றுவிட்டது.
கதவு திறக்கும் ஓசை.
ஒன்றும் சொல்லாமல் விளக்கை வாங்கிக்கொண்டான்.
"எவ்வளவு நேரம்?"
"பிசின் இறுகும்வரை. நாலு நிமிஷம். அசைக்காதே."
அசைக்கவில்லை. சின்ன வயதில் படம் பிடிக்கும்போதுகூட
அப்படி நின்றவனல்ல.

பிளேடால் மிகுதியைச் சீவியெடுத்தேன்.
ஈயின் கால் அளவு தழும்பு மிச்சம்.
"இது போகாதா?"
"போகாது. பரவாம நிக்கும். என்னால அவ்வளவுதான்."
பணம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்,
மீதிச் சில்லறையும் எண்ணிக் கொடுத்தேன்.
நாட்காட்டிக் கதையில் இதெல்லாம் இல்லை.

கிளம்பவில்லை அவன்.
வரிசையைப் பார்த்தான், என் தோளைப் பார்த்தான்,
விளக்கைக் கீழே வைக்கவில்லை.

மாலைவரை இன்னும் இருபத்தேழு வெடிப்புகள்.
கல் செதுக்குபவரின் எண் இருக்கிறதா என்று
ஒரு தடவை கேட்டான், திருப்புளி கேட்பதுபோல.
தேடணும் என்றேன்.

இரவு பட்டறையைப் பெருக்கினேன்.
எத்தனை பெருக்கினாலும் தரையில் மினுங்கும் துகள் தீராது;
செருப்பில் ஏறி வீட்டுக்கும் வரும்.
முன்பெல்லாம் வாசலில் உதறிவிடுவேன்.
இன்று வலது குதிகாலில் ஒன்று ஏறியிருந்தது.
விளக்கடியில் உட்கார்ந்து எடுக்க
வெகுநேரம் ஆயிற்று.