வரிசையில் 412

பின்னிரவு இரண்டே கால். ஈசாஃபியோர்தூரில் காற்று
மீன் கம்பெனியின் தகரக் கூரையைப் பிராண்டுகிறது.
திரையில் ஒரே வரி, நொடிக்கு மூன்று தரம்:
அனுமதி மறுக்கப்பட்டது.
கோபமே இல்லாமல் சொல்கிறது. அதுதான் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை
பழைய சர்வரிலிருந்து புதியதற்கு எல்லாம் மாற்றினேன்.
வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறி சூப் குடித்தேன்,
நன்றாகத் தூங்கினேன்.
இதையும் குற்றப்பத்திரிகையில் சேர்க்கலாம்.

முதலில் பெயர்களைச் சந்தேகப்பட்டேன்.
இயந்திரத்துக்குப் பெயர் தெரியாது, எண்தான்.
பழைய பெட்டியில் 1007 ஹல்பியோர்ன்,
ஏலக் கணக்கு பார்த்தவர், டென்மார்க் போய்விட்டார்.
புதியதில் 1007 போகுஸ்வாவா,
காட் மீன் அரியும் வரிசையிலிருந்து மாடியேறி வந்தவள்.
அவருடைய ஒன்பது வருடக் கடிதங்கள்
(விவாகரத்தும் அதில் இருக்கும்)
இரவோடிரவாக இவள் சொத்து.
எண்ணுக்கு எண் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.
எதையும் திறக்கவில்லை.
ரூட்டாக உட்கார்ந்திருப்பவளுக்குக்
கதவெல்லாம் சாக்பீஸ் கோடு.
கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் வேலையே.

சேவையை எழுப்பினேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.

மூன்று மணிக்கு விரல் தானாக அடித்தது: 777.
யாரும் படிக்கலாம் யாரும் எழுதலாம் யாரும் நுழையலாம்.
எண்டர் மட்டும் பாக்கி.
இந்த ஊரில் வீட்டைப் பூட்ட மாட்டோம் என்று
கப்பலில் வருகிற சுற்றுலாக்காரர்களிடம் பீற்றிக்கொள்வோம்.
இருக்கட்டும். கடிதம் வேறு.
ஏழு ஏழாக அழித்தேன்.

அப்போது பனிவாரி ஓட்டும் ஓத்துர் செய்தி அனுப்பினான்:
மேட்டுச்சாலை மூடியாச்சு,
உன் கேபிள் பார்சல் ஹோல்மாவிக்கில் நிற்கிறது.
அங்கேயும் ரோடு சுத்தம், இங்கேயும் சுத்தம்,
நடுவில்தான்

நடுவில்.

வேரிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினேன்.
வார், சரி. ஸ்பூல், சரி.
மெயில்: 700.
உரிமையாளர் ரூட். வெள்ளி, மாலை 4:52.
அதற்குள்ளே இருந்த அத்தனை பெட்டியும்
நான் இரவெல்லாம் துடைத்து வைத்த மாதிரி ஒழுங்கு.
வாசலில் யாருக்கும் கால் வைக்க வழியில்லை.
கிளம்பும் அவசரத்தில், பாதுகாப்பை இறுக்குகிறேன் என்று,
கோட்டை மாட்டிக்கொண்டே நானே திருகிய திருகு.

கோப்புக்கு எக்ஸ் என்றால் ஓடு.
கோப்புறைக்கு எக்ஸ் என்றால் கடந்து போ, அவ்வளவே;
எட்டிப் பார்க்கக்கூட அது உரிமை தராது.
711.
412, 390, 217, 40,
கிடினியாவில் ஏதோ பள்ளி முகவரியிலிருந்து போகுஸ்வாவாவுக்கு ஒன்று,
பதினாறாவது முயற்சியில் உள்ளே போனது.

ஏழு மணிக்கு அவள் வந்தாள், தொப்பியில் பனி.
திரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு இரண்டு பேருக்கும் காபி ஊற்றினாள்,
எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதை மறந்து
மூன்று கட்டி.
நான் கேட்கவில்லை. குடித்தேன்.

அறிக்கைப் படிவத்தில் காரணம் என்ற கட்டம்
இன்னும் காலி.
மேட்டுச்சாலை பத்து மணிக்குத் திறக்கலாம் என்கிறான் ஓத்துர்.