விரற்கடை

பாடாங் செராய் சமூக மண்டபத்து வாசலில்
பதினான்கு மாதம் மோட்டாரில் உட்கார்ந்திருந்தேன்.
செவ்வாய், வியாழன். ஆறரை முதல் எட்டு.
"கொசுவுக்குக் கொடுக்கிற ரத்தத்தை
உள்ளே வந்து வியர்வையாகக் கொடுங்களேன், காக்"
என்றாள் சிக்கு ஃபாதின்,
பகலில் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள்.
அவ்வளவுதான். பாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் யாரும் உதைக்கச் சொல்லித் தரவில்லை.
பட்டை கட்டச் சொன்னார்கள்.
இரண்டு நுனியும் ஒரே நீளத்தில் தொங்க வேண்டுமாம்.
நாலு முறை கட்டினேன். நாலு முறையும்
இடது நுனி முழங்காலை எட்டிப் பார்த்தது.
கையுறை ஆலையில் ஒரு ஷிஃப்டுக்கு
முந்நூறு பெட்டி மடிக்கிற கை இது.
கடைசியில் யஷ்மிதா வந்து கட்டிவிட்டாள்.
பத்து வயது; பச்சைப் பட்டை.
முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு
என்னை வணங்கினாள். நானும் குனிந்தேன்.
"கண்ணப் பாக்காம குனிம்மா."

நிற்பது நிறத்தின்படி.
கறுப்பு முன்னால், பிறகு சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்,
எல்லாருக்கும் பின்னால் வெள்ளை:
முன்பல் விழுந்த ஐமான், ஆறு வயது;
அவனுக்கும் பின்னால் நான், முப்பத்தெட்டு.
மகளின் பின்கழுத்தை இவ்வளவு நேரம்
நான் பார்த்ததே இல்லை.
அங்கே ஒரு மச்சம் இருக்கிறது.

ஹானா, தூல், செத்.
எண்ணுவது கொரிய மொழியில், திட்டுவது மலாயில்.
ஜியா ஹுய் மட்டும்
கால் வலிக்கிறதென்று எல்லா மொழியிலும் பொய் சொல்வாள்.

பிறகு கத்த வேண்டும். குத்தோடு சேர்த்து
அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம்.
வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.
ஐமான் திரும்பிப் பார்த்து இரக்கப்பட்டான்.
மூன்றாம் வாரம்தான் வந்தது. வந்ததும் புதிதில்லை;
செம்பனைக் காட்டிலிருந்து இறங்கி
என் பப்பாளியைப் பறிக்கிற குரங்குகளுக்கு
நான் போடும் அதே
"ஏய்ய்!"
கூரைப் புறா பறந்தது.
"பாகுஸ்," என்றாள் சிக்கு. "அதையே வைத்துக்கொள்ளுங்கள்."

மஹ்ரிப் பாங்கு கேட்டால்
தூக்கிய காலை இறக்கிவிடுவோம்.
வெளியே பழக்குலை லாரி போகும், தரை நடுங்கும்.
அந்தச் சில நிமிடங்களில்தான்
முழங்கால் எனக்கு வயது சொல்லும்.

உதைக்க மூன்று மாதத்தில் வந்துவிட்டது.
நிறுத்தத்தான் வரவில்லை.
எதிரே நிற்பவரின் கன்னத்துக்கு
ஒரு விரற்கடை முன்னால் கால் நிற்க வேண்டும்.
யஷ்மிதாவின் கால் நின்றது.
காற்று மட்டும் வந்து
என் காதோர முடியைக் கலைத்துவிட்டுப் போனது.
என் முறை.
கீழுதடு. இரண்டு சொட்டு.
ஓடப் போனவளை சிக்கு கைகாட்டித் தடுத்தாள்.
பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு
நிமிர்ந்து நின்று எனக்கு வணங்கினாள்.
அன்றிரவு மீன் குழம்பு எரியுமென்று
தயிர்சோறு தின்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
கைப்பேசிச் சண்டை.
இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.
அவள் ஏதோ சொன்னாள், கை எழுந்துவிட்டது
எப்போதும் எழுவதுபோல.
இந்த "எப்போதும்" என்ற சொல்லை
அடித்துவிடலாமா என்று பார்த்தேன்.
இருக்கட்டும்.

போன கை நின்றது.
கன்னத்தின் சூடு உள்ளங்கைக்குத் தெரிந்தது.
அவள் கண் சிமிட்டவில்லை.
"தோள் தூக்குதும்மா," என்றாள்.

இறக்கினேன். முதலில் தோளை,
நெடுநேரம் கழித்துக் கையை.

அடுத்த மாதம் மஞ்சள் பட்டைத் தேர்வு.
கட்டணம் எழுபது வெள்ளி. ஐமானும் வருகிறான்.
அவன் தேறி நான் தேறாவிட்டால்
கடைசி வரிசையில் நான் மட்டும்தான் நிற்பேன்.
அங்கிருந்தும் மச்சம் தெரியும்.