நூல்முனை

கரண்டு இல்லாத ஞாயிறு.
தறி நின்றதும் சூலூர்க் குளத்துக்கு வந்துவிட்டேன்.
சீமைக்கருவேலத்தில்
தலைகீழாக ஒரு பாம்புத்தாரா.
காற்றுக்கு ஆடுகிறது.
காற்று நின்றபின்னும் கொஞ்சம் ஆடுகிறது.

"நேத்தே பாத்தனுங்" என்றான்
பரிசலில் வந்த மாகாளி.
"நேத்துக் கத்துச்சு."

இடுப்பளவுத் தண்ணியில் இறங்கினேன்.
இறக்கையில், காலில், கழுத்தில் தங்கூஸ்;
வெயில் பட்டால்தான் தெரிகிறது.
பதினாறு வருசமாய்
அறுந்த இழைக்கு முடிபோட்ட விரல்
எந்த இருட்டிலும் நூல்முனையைக் கண்டுபிடிக்கும்.
கண்டுபிடித்தது.

இடதுகைக்காரன் முடிச்சு.
நழுவாமலிருக்க
அதிகப்படியாய் ஒரு சுற்று.

போன மாசம் இந்த மரத்தில் சிக்கியதை
அறுத்துவிட்டுப் போனேன்.
முள்ளோடு சேர்த்து முப்பது ரூபாய்.
அதற்குத்தான் வருத்தப்பட்டேன் அன்றைக்கு.

"யாருதுங்?" என்கிறான் மாகாளி.

வாய்க்குள் முடிச்சு.
கடித்துக்கொண்டிருக்கிறேன்.