பதினொன்றரையாம் மாடி

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பி புளோக்.
செவ்வாய்தோறும் மடக்கு நாற்காலியோடு போகிறேன்.
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
படிக்கட்டு திரும்பும் இடம்தான் அவர்கள் ஆலயம்.
அங்கே யாரோ விட்டுப்போன மிதிவண்டி ஒன்றும் உண்டு.
அதற்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

நடமாட்டத் தடை போட்ட வருஷம்
மாடி கூட்டப் போன குமுதவல்லி
லிப்டில் மாட்டிக்கொண்டார்.
இரண்டு மாடிக்கு நடுவில், நாலு மணி நேரம்.
மணி அடித்தார். யாரும் வரவில்லை.
“அப்புறம் வந்தாங்க” என்கிறார்.
யார் என்றால்,
“கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்தாங்க.”
அதற்குமேல் ஒரு சொல் பெயராது.

இருபத்திரண்டு பேர்.
காவலாளிகள் மூவர், மீன் வியாபாரி ஒருவர்,
பாயான் லெப்பாஸ் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
நீல உடுப்போடு வரும் ஜெகதா.
விபூதி நெற்றியும் ஜெபமாலைக் கையும்
ஒரே படியில்.

லிப்டில் நிற்பது போலவே நிற்கிறார்கள்,
தோளோடு தோள், ஒரே பக்கம் பார்த்து.
கண்கள் மேலே,
எண் எரிய வேண்டிய இடத்தில்
சுவரின் ஈரக்கறை.

இடைநிலை என்று எழுதினேன்.
மூன்று அடிக்குறிப்பு போட்டேன்.
“என்னா எழுதற?”
சொன்னேன்.
“இதுக்கா நாலு வருஷம் படிச்ச?
எனக்கு நாலு மணி நேரம்தான் ஆச்சு.”

மே மாதம் நகராண்மை புது லிப்ட் போட்டது.
பளபளக்கும் எஃகு.
மாடி எண்ணை மலாயில் சொல்லும் பெண் குரல்.
எங்கும் நிற்பதில்லை.
கடைசி அத்தியாயத்துக்கு ‘கலைதல்’ என்று பெயர் வைத்தேன்.
அடுத்த செவ்வாய்
முப்பத்தொரு பேர்.

ஜெகதாவைக் கேட்டேன்.
தண்ணீர்ப் போத்தலை மூடியபடி சொன்னாள்:
“முன்ன அது தானா நின்னுச்சு.
இனிமே நாமதானே நிக்கணும்.”

ஒப்புதல் படிவத்தில் எல்லாரும் ஒப்பமிட்டார்கள்.
குமுதவல்லி தன் 555 நோட்டை நீட்டினார்.
“நீயும் போடு.”
ஒப்பமிடும் சாக்கில் புரட்டினேன்.
மளிகைக் கடன், தண்ணி பில், நடுவே நான்:

நாற்காலிக்காரி வந்தது.
வந்தது.
வந்தது, லேட்டு.
பாட்டரி இல்லாத ரெக்கார்டரோடு வந்தது.
வரல. காய்ச்சல்னு சொல்லிச்சு.

காய்ச்சல் என்று எழுதவில்லை.
காய்ச்சல்னு சொல்லிச்சு.

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை.