கூரைமேல் மிளகாய்

மூன்று மணிநேர ஏற்றம்.
பைன் ஊசிகள் வழுக்கின.
முழங்கால் தன் வயதைச் சொல்லிக்கொண்டே வந்தது.
பையில் ஒரு கிலோ வெண்ணெய், ஒரு பாக்கெட் பிஸ்கட்.
நெஞ்சில்
பதினோரு வருடத்து வாய்க்கால் தகராறு.

ரின்சென் ஓம்.
நடவுக் காலத்தில், ராத்திரியோடு ராத்திரியாக
ஒரே ஒரு கல்லை நகர்த்தி
என் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியவள்.
நாசமாய்ப் போகட்டும் என்று
இந்தச் சந்நிதியில் கேட்க முடியாது.
சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்:
அவரவர்க்கு உரியது அவரவர்க்குக் கிடைக்கட்டும்.
புத்தருக்குப் புரிந்திருக்கும்.

உள்ளே இருட்டு, வெண்ணெய்ப் புகை.
பீடத்தில் ஏழு கிண்ணம் தண்ணீர்,
ஒவ்வொன்றும் விளிம்புக்கு ஒரு பார்லிமணி குறைய.
யார் பங்கையும் யாரும் திருடாத
ஏழு கிண்ணங்கள்.
கொஞ்ச நேரம் அவற்றையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து மதிலில் சாய்ந்தால்
பள்ளத்தாக்கு முழுசாகக் கிடக்கிறது.
பனி உருகி வந்த ஆறு,
சத்தமே இல்லாமல் ஊரும் லாரி,
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிந்திய எள்ளாக.
கூரைக்குக் கூரை காயும் மிளகாய்.
நகத்தளவு சிவப்பு, என்னுடையது.
ஒட்டினாற்போல் இன்னொரு நகம், அவளுடையது.
நடுவில் வாய்க்கால் இருக்க வேண்டுமே?
காணோம்.

கோயில் பார்த்துக்கொள்ளும் துப்தென்
வெற்றிலைச் சிவப்பு வாயோடு
பைனாகுலரை நீட்டினார்.
யாரோ பயணி விட்டுப்போனது, ஒரு கண்ணில் கீறல்.
வாய்க்கால் தெரிந்தது.
கல்கூடத் தெரிந்தது.
அப்பாடா என்றிருந்தது.

அதற்குள் எதிர்மலை வெளுத்துவிட்டது.
மழை
மேற்கிலிருந்து வயல் வயலாக நடந்து வருகிறது.
என் கூரைமேல் யாரோ.
நீலக் கீரா, இடதுகால் இழுப்பு.
அவளேதான்!
இரண்டு கையாலும் வாரி வாரி
என் மிளகாயைக் கூடையில் போடுகிறாள்.

கத்தினேன்.
மூன்று மணிநேரத் தொலைவுக்குக் கத்தினேன்.
கொடிகள் படபடத்தன, ஒரு காகம் எழுந்து போனது.

கண்ணாடியை மெல்லத் திருப்பினேன்.
அவள் கூரையில்
அவள் மிளகாய் அப்படியே கிடக்கிறது.
மழை அதன்மேல் இறங்கிவிட்டது.

இது என்ன கணக்கு?
துப்தெனைக் கேட்டேன்.
அவர் பைனாகுலரை வாங்கி
கேஸ் சிலிண்டர் கோவேறு கழுதை வருகிறதா என்று
பாதையைப் பார்க்க ஆரம்பித்தார்.

இறங்கினேன்.
பாதி மலையில் மழை என்னையும் பிடித்தது.
இத்தனை வருடம் சேர்த்த வசவுகளில்
ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.
ஒன்றே ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது:
என் வீட்டு ஏணியில்
மேலிருந்து நாலாவது படி இற்றுப்போனது.
அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும் மேலே,
ஒரு கிலோ வெண்ணெய்,
என் வேண்டுதலோடு.

ஓடினேன்,
இந்த முழங்காலை வைத்துக்கொண்டு.